ஆலோசனைச் சபை உறுப்பினரின் அதிகாரம் எதுவரை?

வணக்கம் ஐயா. நிலாவெளியில் விடுதி நடத்தும் தங்களை அரச பல்கலைக்கழக முகாமைத்துவ பீடமொன்றின் வெளியக ஆலோசனைச் சபைக்கு அழைத்திருப்பதாகவும், பாடவிதானத்தை மாற்றும் அதிகாரம் தங்களுக்கு உண்டா என்றும் கேட்டிருந்தீர்கள். இல்லை, இலங்கையின் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் அம்முடிவு பீடச் சபை வழியாக, பல்கலைக்கழகத்தின் உயர் கல்விசார் அவையான மூதவைக்கே உரியது. ஆனால், வகுப்பறைக்குள் இருந்து தெரியாதவற்றைச் சொல்லத்தான் தங்களை அழைக்கிறார்கள்: பயிலுநர் ஒருவர் அறைப் பதிவுகளையும் நாளாந்த வரவையும் ஒப்புநோக்கத் தடுமாறுகிறாரா, மே முதல் செப்டெம்பர் வரையான சுற்றுலாப் பருவத்தில் உள்ளகப் பயிற்சி அமையாததால் வெறிச்சோடிய விடுதியையே பார்த்துச் செல்கிறாரா என்பதை உதாரணத்துடன் எடுத்துரையுங்கள். முந்தைய ஆலோசனைகளில் எவை ஏற்கப்பட்டன, எவை ஏன் விடப்பட்டன என்பதை எழுத்தில் தரும்படி முதற் கூட்டத்திலேயே கேளுங்கள். அப்பதில் கிடைக்காத சபையில் நேரம் செலவிடுவது வீண் என்பதே என் உறுதியான கருத்து. மாணவர் அனுமதியிலும் பரீட்சைப் பெறுபேறுகளிலும் மட்டும் தலையிட வேண்டாம்.