பக்கவாதம்: வாசலிலிருந்து ஊசி வரை

பக்கவாதப் பிரிவில் வேலை பார்க்கும் நரம்பியல் மருத்துவர் பதில் சொல்கிறார்.

கேஷுவால்டி செவிலியர்: டாக்டர், நாங்கள் எல்லோரும் ஓடித்தான் வேலை பார்க்கிறோம். ஆனாலும் நோயாளி வந்து, மூளைக் குழாயை அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட ஒன்றரை மணி நேரம் ஆகிறது. எங்கே தாமதம்?

உங்கள் ஓட்டத்தில் குறையில்லை, வரிசையில்தான் குறை. டியூட்டி டாக்டர் பார்த்த பிறகு எங்களுக்கு போன், நாங்கள் வந்த பிறகு ஸ்கேன், ரிப்போர்ட் வந்த பிறகு மருந்துச் சீட்டு. ஒருவர் முடிக்கும்வரை அடுத்தவர் கை கட்டி நிற்கிறார்.

பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மருத்துவமனையிலும் 1998இல் இதற்கு 105 நிமிடம் ஆனது. 2011இல் 20 நிமிடம். நடுவில் பன்னிரண்டு மாற்றங்களை ஒவ்வொன்றாகச் செய்தார்கள். ஆம்புலன்ஸ் வழியில் இருக்கும்போதே பக்கவாதக் குழுவுக்குத் தகவல் வந்துவிடும். பழைய நோய்க் குறிப்புகளைப் படித்து, ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் அப்போதே எழுதி வைப்பார்கள். சி.டி. இயந்திரத்தையே அவசரப் பிரிவுக்கு மாற்றினார்கள். படத்தில் ரத்தக்கசிவு இல்லையென்றால் ஸ்கேன் மேசையிலேயே ஊசி. நம் ஊரில் நோயாளியை வார்டுக்கு ஏற்றி, படுக்கை போட்டு, அப்புறம்தான் மருந்தைக் கலக்குகிறோம். எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான்.

மருத்துவமனை நிர்வாகி: அது பணக்கார நாடு. நமக்குக் கட்டுப்படியாகுமா?

இயந்திரத்தை இடம் மாற்றப் பணம் வேண்டும். முன்கூட்டி ஒரு போன் செய்ய என்ன செலவு? ராயல் மெல்போர்ன் மருத்துவமனை 2012இல் இதில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டது: முன்தகவல், ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரிலேயே ஸ்கேன் அறைக்கு, அங்கேயே ஊசி. நான்கே மாதத்தில் பகல் நேரத்துத் தாமதம் 43 நிமிடத்திலிருந்து 25 ஆனது. ஆனால் மற்ற நேரங்களில் 67 நிமிடம் 62 ஆனதோடு ஏறக்குறைய அப்படியே நின்றது. அதனால் யாராவது பகல் கணக்கை மட்டும் காட்டினால் நான் நம்புவதில்லை. ராத்திரி டியூட்டியில் போனை எடுப்பது யார், ஸ்கேன் அறையைத் திறப்பது யார் என்று பெயரோடு எழுதி ஒட்டுங்கள்.

ஆம்புலன்ஸ் ஊழியர்: போனில் என்னென்ன சொல்ல வேண்டும், சார்?

கடைசியாக நன்றாக இருந்த நேரம். அதுதான் முதலில். காலையில் எழும்போதே கை வரவில்லை என்றால், ராத்திரி தூங்கப் போன நேரம்தான் கணக்கு. கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு நாலரை மணி நேரம். சிலருக்கு ஸ்கேனைப் பார்த்து அதைத் தாண்டியும் போடலாம், ஆகவே நேரம் கடந்துவிட்டதென்று நீங்களே முடிவுகட்ட வேண்டாம். அப்புறம் வயது, எந்தப் பக்கம், பிரஷர், சர்க்கரை, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்பது. பார்த்த உறவினரை வண்டியிலேயே ஏற்றிக்கொள்ளுங்கள், பின்னால் பைக்கில் வரச் சொல்லாதீர்கள்.

பயிற்சி மருத்துவர்: லேப் ரிப்போர்ட் முழுக்க வரும்வரை காத்திருக்கணுமா?

பெரும்பாலும் வேண்டாம். விரலில் குத்திப் பார்க்கும் சர்க்கரை அளவு கட்டாயம். உறையாமைக்கு மருந்து எடுப்பவர், ரத்தக் கோளாறு இருக்குமோ என்று சந்தேகப்படுபவர் என்றால் மட்டும் மற்றதற்குக் காத்திருங்கள். பிரஷரை 185/110க்குக் கீழே கொண்டுவரும் வேலை ஸ்கேனுக்குப் போகும் வழியிலேயே நடக்கட்டும்.

சிறிய மருத்துவமனை மருத்துவர்: மூளையின் பெரிய ரத்தக் குழாய் அடைத்திருக்கிறது, கட்டியை எடுக்கும் வசதி எங்களிடம் இல்லை. ஊசி வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்பலாமா?

பார்க்காதீர்கள். ஊசியைத் தொடங்கியதும் அனுப்புங்கள். வந்த ஆம்புலன்ஸை வாசலிலேயே நிறுத்தி வையுங்கள், ஸ்கேன் படத்தை கட்டியை எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு போனில் முன்னாலேயே அனுப்பிவிடுங்கள்.

ஒரு வாசகர்: வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்கலாமா?

கூடாது. ரத்தக்கசிவா அடைப்பா என்பது ஸ்கேனில்தான் தெரியும். தண்ணீர்கூட வேண்டாம், புரையேறும். 108ஐக் கூப்பிடுங்கள்.