பேரி மரமும் பனிமூட்டமும்: மரக்கட்டை அச்சு பற்றிக் கேட்டவை

கோத்தகிரியில் மாதம் ஒருமுறை கூடுகிறோம். ஏதாவது ஒரு வேலை தெரிந்தவர் நடுவில் உட்கார வேண்டும், மற்றவர்கள் கேட்பார்கள். போன மாதம் என் முறை. மரக்கட்டையில் படம் செதுக்கி அச்சிடுவது பற்றி ஆரம்பித்த பேச்சு, தேநீர் வந்ததும் பச்சைத் தேயிலை விலைக்குப் போய்விட்டது. ஆகவே கேள்விகளைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டேன். ஒரே கேள்வியை நான்கு பேர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். "ஒரு படம் என்ன விலை?" என்ற சீட்டுகளைக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன்.

அக்கா, ரப்பர் ஸ்டாம்ப் போலத்தானே இதுவும்? (குன்னூர், பள்ளி ஆசிரியை)

அடிப்படை அதுதான். பலகையில் எங்கே மை வேண்டாமோ அங்கே செதுக்கி எடுத்துவிடுகிறோம். மேடாக நிற்கும் பகுதியில் ரோலரால் மை தடவி, தாளை விரித்து, முதுகில் தேய்த்தால் படம் வந்துவிடும். கோடு போடுவதற்கு மாறாக, கோட்டின் இரு பக்கத்தையும் எடுக்கிறோம். ஓவியம் பழகியவர்களுக்கு இந்த மாற்றம் மனத்தில் ஏறச் சில மாதங்கள் ஆகும்.

இன்னொன்று, எல்லாம் இடவலம் மாறி விழும். பக்கத்து வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு அழைப்பிதழ் செதுக்கிக் கொடுத்தேன். எல்லா எழுத்தையும் திருப்பிப் போட்டவள், 'ழா'வில் மட்டும் பழைய பழக்கத்தில் கையை விட்டுவிட்டேன். நூறு அழைப்பிதழ் போன பிறகு ஒரு பாட்டிதான் கண்டுபிடித்தார். இப்போதெல்லாம் மெல்லிய தாளில் நேராக எழுதி, எழுதிய பக்கத்தைப் பலகையில் ஒட்டி, பின்னால் தெரிவதைப் பார்த்துச் செதுக்குகிறேன். ஜப்பானியர்கள் செய்துவந்த முறை அது.

எந்த மரம்? தேக்கு ஆகாதா? (கோத்தகிரி, தச்சர்)

உங்களுக்குத் தெரியாத மரமா, அண்ணே? ஆனாலும் கேட்டுவிட்டீர்கள்.

தேக்கு வேண்டாம். அதில் மணல் சத்து இருக்கிறது, உளி சீக்கிரம் மழுங்கும். நுண்துளையும் பெரிது, அதனால் மெல்லிய கோடு உடைந்து விழும். கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ், மலிவாகக் கிடைக்கும், ஆனால் முறுக்கிக்கொண்டு வளர்வதால் காயும்போது பிளக்கும். சீகை, அதாவது வாட்டில் மரம், என் கைக்கு மிகக் கடினம். சில்வர் ஓக் தேயிலைத் தோட்டமெங்கும் நிழலுக்கு நிற்கிறது, அதன் இழையோட்டம் படத்திலேயே அழகாகப் பதியும். மூட்டம், மழை, பாறை இவற்றுக்கு அதைத்தான் எடுக்கிறேன். ஒரே எச்சரிக்கை: அதன் தூள் சிலருக்குத் தோலில் கடும் அரிப்பைக் கொண்டுவரும். எனக்கு முழங்கை வரை வந்தது. முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

நான் மனம் கொடுத்தது பேரி மரத்துக்கு. ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக அச்சுக்கட்டைக்கு விரும்பி எடுத்த மரங்களில் அதுவும் ஒன்று. நம் வீட்டுக் கொல்லையில் அது பேரிக்காய்க்காக மட்டும் நின்றுகொண்டிருக்கிறது. இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு நிறம், நெருங்கிய இழை. எந்தப் பக்கம் உளியை ஓட்டினாலும் வெண்ணெய்க்கட்டி போல வழிவிடும். பூ வைத்த புடவைக்கரை, கிழவியின் கன்னத்துச் சுருக்கம், இப்படி மயிரிழைக் கோடுகளுக்கு இந்த மலையில் அதற்கு ஈடாக நான் வேறொன்றைக் கண்டதில்லை.

ஆனால் பொறுமை வேண்டும். பச்சைப் பலகை காயும்போது வளையும். அறுத்த உடனே இரண்டு முனைகளிலும் மெழுகு பூசுங்கள், இல்லையேல் முனை வழியாக ஈரம் வேகமாக ஓடி வெடிப்பு விடும். பலகைகளுக்கிடையே சீரான குச்சிகள் வைத்து அடுக்கி, மேலே கல்லைத் தூக்கி வையுங்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது மரக்காரர்களின் பழைய கணக்கு. நம் ஈரத்தில் நான் ஒன்றரை ஆண்டு விடுகிறேன். ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் பேரி அசையாது.

அதற்காக யாரும் மரத்தை வெட்ட வேண்டாம். மலைப்பகுதி மரங்களைக் காக்க 1955ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது, சொந்த நிலத்து மரமானாலும் முதலில் வனத்துறையில் கேளுங்கள். சோலை மரத்தின் பக்கமே போகாதீர்கள். எனக்கு வருபவை காய்ப்பு நின்றவை, காற்றில் சாய்ந்தவை. ஹட்டிகளில், அதாவது படகர் ஊர்களில், சொல்லி வைத்திருக்கிறேன். "அக்கா, மரம் விழுந்திருக்கிறது" என்று ஃபோன் வந்தால் அன்று எனக்குச் சமையல் கிடையாது.

இதெல்லாம் நீளவாக்கில் அறுத்த பலகை. குறுக்குவெட்டில், அதாவது ஆண்டு வளையம் தெரியும் முகத்தில், கூர்முனைக் கம்பியால் கீறும் முறை வேறு. இங்கிலாந்தில் தாமஸ் பெவிக் (1753–1828) அதைப் பெரிய கலையாக்கினார். அதற்கு அவர்கள் எடுத்தது பாக்ஸ்வுட் என்ற கெட்டி மரம். நான் வேரோடு பிடுங்கிப் போட்ட பழைய தேயிலைச் செடியின் அடிக்கட்டையில் முயன்றேன். அருமையாகக் கீறுகிறது, ஆனால் வெடிப்பில்லாமல் உள்ளங்கை அகலம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

ஆரம்பிக்க என்னென்ன வாங்க வேண்டும்? (ஊட்டி, கல்லூரி மாணவி)

மிகக் குறைவு. ஒரு சிறு கத்தி, ஒரு 'வி' உளி, இரண்டு நகவுளி, ஒரு ரோலர், கறுப்பு மை ஒரு குழல். கொட்டாப்புளி பெரிய பகுதிகளுக்கு மட்டும். அச்சு இயந்திரம் வேண்டாம். தாளைத் தேய்க்க ஜப்பானியர்கள் மூங்கில் உறை சுற்றிய வட்டுக் கருவி வைத்திருக்கிறார்கள், உங்கள் வீட்டு எவர்சில்வர் கரண்டியின் முதுகு போதும். நான் வழவழப்பாகத் தேய்த்த கொட்டாங்கச்சியையும் வைத்திருக்கிறேன்.

என் முதல் கட்டை தேயிலைப் பெட்டியின் ஒட்டுப்பலகை. அப்பா ஃபேக்டரியில் பெட்டிக்கு ஆணி அடிப்பவர், உடைந்த பக்கங்களை வீட்டுக்குக் கொண்டுவருவார். ஒட்டுப்பலகை மேலே மென்மையாக இருக்கும், ஆனால் அடுத்த அடுக்கு குறுக்கே போவதால் நுண்கோடு தெறிக்கும். பழகுவதற்குப் பரவாயில்லை. இன்னும் எளிது வேண்டுமென்றால் லினோலியம், தரையில் விரிக்கும் மென்மையான விரிப்பு. ஓவியர் நந்தலால் போஸ் 1930இல் தண்டி யாத்திரைக் காந்தியைக் கைத்தடியோடு செதுக்கியது லினோலியத்தில்தான். எனவே அதைக் குறைவாக நினைக்காதீர்கள்.

பணம் மிச்சமிருந்தால் சாணைக்கல்லில் போடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உளியைத் தோல்பட்டையில் இழுத்துத் தீட்டுங்கள். கையில் ரத்தம் வருவது மழுங்கின உளியால்தான், கூரான உளியால் அல்ல. மழுங்கினதை நாம் பலம் கொடுத்துத் தள்ளுகிறோம், அது வழுக்கி எதிர்க் கைக்கு வருகிறது. பலகையைப் பிடிக்கும் கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்கட்டும்.

ஜூலையில் அச்சிட்டேன், பத்து நாள் ஆகியும் மை விரலில் ஒட்டுகிறது. (கூடலூர்)

பாவம், கூடலூரில் ஜூலையில் துணியே காயாதே.

எண்ணெய் மை தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றின் ஆக்ஸிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. குளிரில் அந்த வேலை மந்தமாகிவிடும், மூட்டம் அதை இன்னும் தாமதிக்கும். மையை மெல்லியதாக உருட்டுங்கள். ரோலர் ஓடும்போது பட்டுப்புடவை உரசும் ஓசை வர வேண்டும். 'சப் சப்' என்றால் மை அதிகம். மையைச் சீக்கிரம் இறுக வைக்கும் ட்ரையர் திரவம் கடையில் கிடைக்கும், சொட்டுக் கணக்கில் போதும். கோத்தகிரிக்குத் தொட்டபெட்டா மறைப்பு இருப்பதால் தென்மேற்கு மழை எங்களை அவ்வளவு வாட்டாது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியபோதுகூட இங்கே நான் அச்சிட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு எதிரி ஐப்பசி, கார்த்திகை.

அப்படி ஒரு கார்த்திகையில், 2009இல், மலையெங்கும் மண் சரிந்த அந்த நவம்பரில், பதினான்கு கட்டைகளைத் தரையில் பரப்பி வைத்திருந்தேன். அடிப்பக்கம் ஈரம் குடித்து உப்ப, கட்டைகள் ஓடம் போல வளைந்துவிட்டன. பதற்றத்தில் ஐந்தை வெயிலில் வைத்தேன், ஐந்தும் பிளந்தன. மீதியைக் கவிழ்த்துப் பாரம் வைத்து நிழலில் விட்டேன், மெதுவாக நிமிர்ந்தன. அன்றிலிருந்து கட்டைகள் எல்லாம் அலமாரியில் புத்தகம் போலச் செங்குத்தாக நிற்கின்றன, இரு பக்கமும் காற்றுப் படும்படி.

கவனமாகக் கேட்க வேண்டிய ஒன்று: எண்ணெய் மை துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் இறுகும்போது சூடு வெளிவரும், குவியலுக்குள் அது அடைபட்டால் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் முக்கி வையுங்கள்.

மழைக்காலத்தில் நான் நீர் வண்ணத்துக்கு மாறிவிடுகிறேன். வண்ணத்தோடு அரிசிப் பசை கலந்து, ரோலருக்குப் பதில் தூரிகையால் பூசி, ஈரத் தாளில் அச்சிடும் ஜப்பானிய முறை. வெயில் ஊரில் தாளை ஈரமாக வைத்திருப்பது பெரும்பாடு, இங்கே மூட்டமே அதைப் பார்த்துக்கொள்கிறது. பசை பூசணம் பிடிக்கும் என்பதால் அன்றன்று காய்ச்சுவேன், கிராம்பு எண்ணெய் இரண்டு சொட்டு விடுவேன். பைண்டிங் செய்பவர்கள் மயில்துத்தம் போடுவார்கள், அதை இங்கே போட்டு நிறத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

தாள்?

புதுச்சேரியில் செய்யும் பருத்திக் கைத்தாள், கனமில்லாதது. கரண்டியால் தேய்ப்பவர்களுக்கு நேபாளத்து லோக்தா தாள் இன்னும் நல்லது, மரப்பட்டை நாரில் செய்வதால் மெல்லியது, கிழியாது. சார்ட் பேப்பர் வேண்டாம்.

ஊட்டி ஓட்டல்களில் தொங்கும் பழைய நீலகிரிப் படங்கள் மரக்கட்டை அச்சா? (சீட்டில் ஊர் இல்லை)

பெரும்பாலும் இல்லை. கேப்டன் ரிச்சர்ட் பாரன் (Barron) என்பவர் வரைந்து 1837இல் லண்டனில் வெளிவந்த நீலகிரிக் காட்சிகள் செம்புத் தகட்டில் அமிலம் அரித்துச் செய்தவை. சுவரில் தொங்குவது அவற்றின் நகலாகத்தான் இருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். வரிசையாக வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் ஆப்செட், அதாவது இயந்திர அச்சு. கையால் அழுத்திய மரக்கட்டை அச்சென்றால் தாளின் முதுகில் தடவும்போது விரலுக்கு மேடு பள்ளம் தட்டுப்படும்.

பல நிறம் எப்படி? (அரவேணு)

நிறத்துக்கு ஒரு கட்டை. எல்லாக் கட்டையிலும் ஒரே இடத்தில் தாளின் மூலை உட்கார ஒரு வெட்டும், ஓரம் உட்கார ஒரு வெட்டும் போட்டுவிட்டால் நிறம் விலகாது. இல்லையென்றால் ஒரே கட்டை: முதல் நிறத்தை அச்சிட்டு, மேலும் செதுக்கி, அடுத்த நிறத்தை அதன் மேல் அச்சிட்டு, கட்டை தேயத் தேயப் படம் வளரும். கடைசியில் திரும்பிப் போக வழி கிடையாது. மேலைநாட்டார் இதற்குத் தற்கொலை அச்சு என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. இருபது பிரதி வேண்டுமென்றால் முதல் நிறத்தில் முப்பது போடுங்கள், வழியில் பத்து போய்விடும்.

இந்தப் பல கட்டை வேலையின் உச்சம் ஜப்பானில். எல்லோரும் அறிந்த அந்தப் பேரலைப் படத்தை, 1831 வாக்கில், வரைந்தவர் ஹொக்குசாய். செதுக்கியவர் வேறு, அச்சிட்டவர் வேறு, அவர்கள் பெயர் படத்தில் இல்லை. தச்சன் மகள் என்பதால் எனக்கு அதில் கொஞ்சம் கோபம் உண்டு.

படத்தின் கீழே 7/20 என்று பென்சிலில் ஏன்?

மொத்தம் இருபது பிரதி, இது ஏழாவது. இருபது முடிந்தால் கட்டையில் குறுக்கே ஒரு கீறல் போட்டுவிட வேண்டும். போடாமல் இருபத்தொன்றாவதை விற்பது ஏமாற்று.

தமிழ்நாட்டில் இது உண்டா, இறக்குமதியா? (கீழ்க்கோத்தகிரி, ஓய்வுபெற்ற தபால்காரர்)

தேதியோடு கிடைத்த மிகப் பழைய அச்சு நூல் சீனாவில் 868இல் மரப்பலகையில் அடித்தது, எனவே பிறப்பு அங்கேதான். 1578இல் கொல்லத்தில் தமிழ் அச்சேறியதைச் சிலர் மரக்கட்டை என்கிறார்கள், அது உலோக எழுத்து. ஆனால் பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களில் ராஜாவும் வேதாளமும் முறைத்துப் பார்க்கும் படங்கள் இருக்குமே, உங்கள் பாட்டி வாசித்திருப்பார், அவை கட்டையில் செதுக்கியவை. முரட்டுக் கோடு, ஆனால் தைரியம் இருக்கும். வங்காளத்து ஹரேன் தாஸின் (1921–1993) வயல் அச்சுப்படங்களையும் சித்தபிரசாத்தின் லினோகட்டுகளையும் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். சென்னை கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதமியில் அச்சுக்கலைக் கூடம் இருக்கிறது.

தோடர் பூத்தையல் கோலங்களைச் செதுக்கி விற்கலாமா?

நான் செய்ய மாட்டேன். அது தோடர் பெண்கள் துணியின் இழையை எண்ணித் தைப்பது. 2013இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. எண்ணாமல் உளியால் தோண்டினால் வெறும் கட்டம்தான் மிஞ்சும். வெள்ளை, சிவப்பு, கறுப்பு மூன்றே நிறத்தில் எவ்வளவு சாதிக்கலாம் என்று அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள், அது யாரும் தடுக்காத பாடம்.

இதில் சோறு கிடைக்குமா? ஒரு படம் என்ன விலை? (ஏழு சீட்டு)

சிறியது 800 ரூபாய், பெரியது 3,500. ஏப்ரல், மே மாதங்களில் வருவதுதான் வருமானம். மற்ற மாதங்களில் அழைப்பிதழ், தேநீர்க் கடைப் பெயர்ப்படம், பள்ளியில் வாரம் இரண்டு வகுப்பு. வீட்டில் இன்னொரு சம்பளம் இருப்பதால் ஓடுகிறது, மறைக்க ஒன்றுமில்லை. ஒரு முறை ஒரு கடையில் பன்னிரண்டு படம் வைத்தேன். சீசன் முடிந்து போனபோது ஒன்பதுதான் இருந்தது, மூன்றுக்குக் கணக்கு இன்றுவரை வரவில்லை. ரசீது எழுதி வாங்குங்கள். இந்த மாவட்டத்தில் பிளாஸ்டிக் உறைக்குத் தடை இருப்பதால் வெண்ணெய்த் தாளில் சுற்றி அட்டைக் குழாயில் போட்டுக் கொடுக்கிறேன், மழையில் வெளியே எடுக்காதீர்கள் என்று சொல்லியும் அனுப்புகிறேன்.

தவறாக வெட்டிவிட்டால்? (எட்டாம் வகுப்பு மாணவன்)

தவறிய இடத்தைச் சதுரமாகத் தோண்டு, தம்பி. அதே மரத்தில், இழை அதே திசையில் ஓடும்படி ஒரு துண்டு நறுக்கி, பசை தடவி இறுக்கமாக அடித்து இறக்கு. ஓர் இரவு விட்டு, மேடாக நிற்பதைச் சீவிவிட்டு மறுபடி செதுக்கு. இதற்காகத்தான் பேரித் துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கேள், தருகிறேன்.