போர்ட் என்றால் துறைமுகம் மட்டும்தானா?

கடலூர் முதுநகரில் ரயிலுக்காகக் காத்திருக்கும்போதெல்லாம் அந்த மஞ்சள் பெயர்ப்பலகையில் என் கண் நிற்கும். தமிழில் ‘துறைமுகம்’ என்று இருக்கும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘போர்ட்’ என்று நான்கே எழுத்து. புதுச்சேரியில் பல ஆண்டுகள் ஆங்கிலமும் பிரெஞ்சும் கற்பித்தவன் நான். அந்த நான்கு எழுத்துக்குள் எவ்வளவு அடைந்து கிடக்கிறது என்பதை எங்கள் வாசகர் கூடலில் ஒருமுறை சொன்னேன். அதன்பிறகு நண்பர்கள் துண்டுச்சீட்டில் எழுதித் தந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

முதுநகர், கல்லூரி மாணவி: ஐயா, அகராதியில் ‘போர்ட்’ ஐந்தாறு முறை தனித்தனி எண்ணோடு வருகிறது. ஒரே சொல்லை ஏன் இப்படிப் பிரிக்கிறார்கள்?

ஒரே சொல் இல்லை என்பதால்தான். தமிழில் ‘மாலை’ என்பது பொழுதும் ஆகும், கழுத்தில் இடுவதும் ஆகும். ‘ஆறு’ நதியாகவும் எண்ணாகவும் வரும். எழுத்து ஒன்று, சொல் வேறு. போர்ட்டும் அப்படித்தான். லத்தீனில் ‘போர்ட்டுஸ்’ என்றால் துறைமுகம், ‘போர்ட்டா’ என்றால் வாயில், ‘போர்ட்டாரே’ என்றால் சுமந்து செல்லுதல். ஆங்கிலத்துக்கு வரும் வழியில் மூன்றின் வாலும் தேய்ந்து ஒரே உருவாகிவிட்டன.

பிரெஞ்சில் அந்த வால் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. என் பெரியப்பா பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். புதுச்சேரியில் அப்படிப்பட்டவர்களைச் ‘சொல்தா’ என்பார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் அவர் சாய்வு நாற்காலியிலிருந்து “லா போர்த்!” என்று குரல் கொடுப்பார். கொசு நுழைவதற்குள் நாங்கள் ஓடிப்போய்க் கதவைச் சாத்த வேண்டும். கடற்கரைக்குப் புறப்பட்டால் “லெ போர்” பக்கம் போய்வருவதாகச் சொல்லுவார். சந்தையிலிருந்து வந்ததும் பையைத் தூக்கிவரச் சொல்ல அவருக்குப் ‘போர்த்தே’. கதவு, துறை, சுமை மூன்றும் ஒரே வீட்டில் ஒரே நாளில் புழங்கின. லத்தீன் படிப்பதற்கு முன்பே எனக்கு இந்தச் சொல்லின் இலக்கணம் தெரிந்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

திருப்பாதிரிப்புலியூர், தமிழாசிரியர்: மூன்றும் வேறு சொற்கள் என்றால், இந்த ஒலி ஒற்றுமை தற்செயலா?

இல்லை. லத்தீனுக்கும் முந்தைய மூலமொழியில் ‘பெர்’ என்றொரு வேர் இருந்ததாக மொழியறிஞர்கள் மீட்டெடுத்திருக்கிறார்கள். ‘கடந்து செல்’ என்பது அதன் பொருள். கடலைக் கடந்து வந்து சேருமிடம் துறைமுகம். சுவரைக் கடக்கும் இடம் வாயில். ஒன்றை இங்கிருந்து அங்கு கடத்துவது சுமத்தல். மூன்றும் அக்காள் தங்கைகள்.

இந்தக் குடும்பத்தில் என்னை மிகவும் கவர்ந்தது ‘ஃபோர்டு’. ஆற்றில் ஆழம் குறைந்து, நடந்தே கடக்கக்கூடிய இடத்துக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். லத்தீனில் ‘ப’ இருக்கும் இடத்தில் ஆங்கிலத்தின் பழஞ்சொற்களில் ‘ஃப’ வருவது ஒழுங்கான மாற்றம். லத்தீனில் ‘பாட்டர்’ என்பது ஆங்கிலத்தில் ‘ஃபாதர்’ என்று இருப்பதுபோல. ஆகவே போர்ட்டும் ஃபோர்டும் ஒரே சொல்லின் இரண்டு உருவங்கள். முதலாவது லத்தீன் வழியாக வந்தது, இரண்டாவது ஆங்கிலத்தின் சொந்த வீட்டில் வளர்ந்தது.

இப்போது தமிழுக்கு வாருங்கள். ஆற்றில் இறங்கும் இடம் நமக்குத் ‘துறை’. கடலில் கப்பல் நிற்கும் இடம் ‘துறைமுகம்’. அவர்களுக்குள் உருமாறிப் பிரிந்துபோன உறவு நம்மிடம் கண்ணுக்கு நேராக நிற்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு என்ற ஊர்ப்பெயருக்கு எருதுகள் ஆற்றைக் கடக்கும் துறை என்று பொருள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் திருவாவடுதுறை நினைவுக்கு வரும். அங்கே அம்பிகை பசு வடிவில் வழிபட்டதாகத் தலபுராணம் சொல்கிறது. பெயரின் முதலில் நிற்பது ‘ஆ’, இறுதியில் நிற்பது ‘துறை’. இரண்டு ஊர்களுக்கும் வரலாற்றுத் தொடர்பு எதுவும் கிடையாது. மாடும் ஆறும் உள்ள இடத்தில் மனிதர்கள் ஊருக்குப் பெயர் வைத்த விதம் மட்டும் ஒன்றாக இருக்கிறது. பிறகு நம் ‘துறை’ கல்வித்துறை, காவல்துறை என்று அலுவலகங்களுக்குள்ளும், அகத்துறை, புறத்துறை என்று கவிதைக்குள்ளும் போய் உட்கார்ந்தது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தேவனாம்பட்டினம், விசைப்படகு உரிமையாளர்: கப்பலின் இடது பக்கத்தைப் போர்ட் என்கிறார்கள். துறைமுகம் எப்போதும் இடது பக்கமாகவா இருக்கும்?

துறைமுகம் எங்கும் இருக்கலாம். கப்பலை எந்தப் பக்கமாக அணைத்தார்கள் என்பதில்தான் விடை இருக்கிறது. வட ஐரோப்பாவின் பழைய மரக்கலங்களில் இன்று இருப்பதுபோல் பின்புறம் நடுவில் சுக்கான் கிடையாது. வலது பக்கத்தில் ஒரு பெரிய துடுப்பைக் கட்டி, அதனால் திசை திருப்பினார்கள். அதனால் வலது பக்கத்துக்கு ‘திசைதிருப்பும் பக்கம்’ என்று பெயர், அதுதான் ஸ்டார்போர்டு. அதில் ‘ஸ்டார்’ விண்மீனும் அல்ல, ‘போர்டு’ நம் போர்ட்டும் அல்ல. கலத்தின் பக்கப் பலகையைக் குறிக்கும் சொல் அது. துடுப்பு இருக்கும் பக்கத்தைக் கரையில் மோதவிட்டால் உடைந்துவிடும் அல்லவா? ஆகவே இடது பக்கத்தைத் துறையோடு ஒட்டி நிறுத்திச் சரக்கு ஏற்றினார்கள்.

அந்த இடது பக்கத்துக்கு முதலில் ‘லார்போர்டு’ என்று பெயர். சரக்கு ஏற்றும் பக்கம் என்பது அதன் பொருளாக இருக்க வேண்டும். லார்போர்டு, ஸ்டார்போர்டு இரண்டையும் புயற்காற்றில் உரக்கக் கத்திப் பாருங்கள். எது எது என்று காதில் விழாது. தவறாகக் கேட்டால் கப்பல் பாறையில் ஏறும். 1844இல் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை, இனி போர்ட் என்றே சொல்ல வேண்டும் என்று ஆணையிட்டது. இரண்டு ஆண்டுகளில் அமெரிக்கக் கடற்படையும் அவ்வாறே செய்தது.

உங்கள் படகின் இடது பக்கத்துச் சிவப்பு விளக்கு இந்தப் போர்ட்டின் விளக்குதான். வலது பக்கத்தில் பச்சை. அந்தி சாய்ந்த பிறகு முகத்துவாரத்தில் நுழையும் படகைக் கரையில் நின்று பார்த்தால் சிவப்பு நம் வலது கைப்பக்கம் தெரியும். படகு நம்மைப் பார்த்து வருகிறது என்பதற்கு அதுவே அடையாளம். விமானத்தின் இடது இறக்கையிலும் அதே சிவப்புதான்.

புதுச்சேரி, ஓட்டல் ஊழியர்: போர்ட் ஒயின் துறைமுகத்தில் செய்வதா?

துறைமுகத்திலிருந்து அனுப்பியது. போர்ச்சுகலில் டூரோ ஆறு கடலில் கலக்கும் இடத்தில் போர்ட்டோ என்ற நகரம் இருக்கிறது. பெயரே துறைமுகம்தான். ஆற்றின் மேற்பகுதியில் விளையும் திராட்சையின் மது அந்த நகரம் வழியாக இங்கிலாந்துக்குப் போனது. ஊர்ப்பெயர் மதுவுக்கு ஒட்டிக்கொண்டது. நாட்டின் பெயரான போர்ச்சுகலும் ‘போர்ட்டுஸ் காலே’ என்ற அதே பகுதியின் பழைய பெயரிலிருந்து பிறந்ததுதான். அந்த மதுவை அடைத்துவைக்கும் மரப்பீப்பாய்க்கு அவர்கள் மொழியில் ‘பிப்பா’ என்று பெயர். நம் ‘பீப்பாய்’ அங்கிருந்து வந்தது.

பரங்கிப்பேட்டை, வணிகர்: எங்கள் ஊரைப் பழைய ஆவணங்களில் போர்ட்டோ நோவோ என்று பார்க்கிறேன். அதுவும் இந்தச் சொல்லா?

ஆம். போர்த்துக்கீசியத்தில் ‘புதிய துறைமுகம்’. 1781 ஜூலையில் ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட்டும் மோதிய போர், ஆங்கில வரலாற்றில் போர்ட்டோ நோவோ பெயரிலேயே இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டின் தலைநகருக்கும் இதே பெயர்தான்.

உங்கள் ஊருக்கு மஹ்மூது பந்தர் என்றும் ஒரு பெயர் இருந்தது. ‘பந்தர்’ என்பது பாரசீகத்தில் துறைமுகம். அதாவது போர்த்துக்கீசியரும் பாரசீகம் பேசிய ஆட்சியாளர்களும் உங்கள் கரையைப் பார்த்தார்கள். தமிழர் மட்டும் கரையை விட்டுவிட்டு, அங்கே வந்து இறங்கிய பரங்கியரைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள்.

நெல்லிக்குப்பம், செல்போன் கடை இளைஞர்: சார்ஜ் போடும் இடமும் போர்ட். சிம்மை வேறு நிறுவனத்துக்கு மாற்றுவதும் போர்ட். இரண்டும் ஒன்றா?

தம்பி, உங்கள் கையில் இருக்கும் ஒரே கருவியில் இரண்டு வேறு லத்தீன் சொற்கள் இருக்கின்றன. கம்பி நுழையும் துளை ‘போர்ட்டா’, வாயில். கப்பலின் பக்கவாட்டில் பீரங்கிக்காக வெட்டிய திறப்பையும் இந்தப் போர்ட்டால்தான் குறித்தார்கள். எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு அடுத்த நிறுவனத்துக்குப் போவது ‘போர்ட்டாரே’, சுமந்து செல்லுதல். ரயில் நிலையத்தில் பெட்டி தூக்கும் போர்ட்டரும் அந்தக் கிளைதான். 1900க்கு நீங்கள் அனுப்பும் குறுஞ்செய்தியின் முதல் சொல் ரோமானியச் சுமைகாரனின் சொல்.

புவனகிரி, இல்லத்தரசி: ஆங்கிலத்தில் வாய்ப்பு என்பதற்கான ஆப்பர்ச்சூனிட்டியிலும் போர்ட் இருப்பதாக மகன் சொல்கிறான். உண்மையா?

உண்மை அம்மா. இந்தச் சொல்லைப் பற்றிப் பேசக் கிடைத்ததில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. லத்தீனில் ‘ஓப் போர்ட்டும்’ என்றால் துறைமுகத்தை நோக்கி. பாய்மரக் கப்பல்காரனுக்குக் காற்றுதான் எல்லாம். கரையை நோக்கி வீசும் காற்றை அவர்கள் ‘ஒப்போர்ட்டூனுஸ்’ என்றார்கள். தக்க நேரத்தில் வந்த காற்று, பிறகு தக்க நேரம், பிறகு வாய்ப்பு.

நாம் என்ன சொல்கிறோம்? காற்றுள்ளபோதே தூற்றிக்கொள். தை மாத அறுவடையில் களத்தில் என் அம்மா முறத்தோடு நிற்பது இன்னும் கண்ணில் இருக்கிறது. முறத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்பார். கன்னத்தில் காற்று பட்டதும் மெல்லச் சரிப்பார். நெல் காலடியில் குவியும், பதர் நாலடி தள்ளி விழும். காற்று நின்றால் கையும் நின்றுவிடும். ரோமானிய மாலுமி கடலில் காத்திருந்ததும் என் அம்மா களத்தில் காத்திருந்ததும் காற்றுக்காகத்தான்.

எதிர்ச்சொல்லும் உண்டு. ‘இம்போர்ட்டூனுஸ்’ என்றால் ஒதுங்கத் துறை இல்லாதது. அதிலிருந்து வந்த ஆங்கிலச் சொல், நேரங்காலம் பாராமல் நச்சரிப்பதைக் குறிக்கிறது.

கடலூர், பள்ளி மாணவர்: போர்ட்ரெயிட்டிலும் ஸ்போர்ட்டிலும் போர்ட் இருக்கிறதா?

போர்ட்ரெயிட்டில் இல்லை. அது ‘வெளியே இழு’ என்ற பொருள்கொண்ட லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. எழுத்து மட்டும் ஒத்துப்போகிறது. பங்கு என்று பொருள்படும் போர்ஷனையும் இந்த வீட்டில் சேர்க்காதே. ஸ்போர்ட்டில் இருக்கிறது. பழைய பிரெஞ்சில் ‘தெஸ்போர்த்தே’ என்றால் மனத்தை வேலையிலிருந்து வேறு பக்கம் கொண்டுபோவது. ஆங்கிலத்தில் அதன் தலை உதிர்ந்து ஸ்போர்ட் ஆனது.

அரியாங்குப்பம், ஓய்வுபெற்ற எழுத்தர்: கைவினைப் பொருள் விற்கும் எம்போரியத்துக்கும் இதற்கும் உறவு உண்டா?

நேராக இல்லை, பாட்டி வழியில் உண்டு. கிரேக்கத்தில் ‘போரோஸ்’ என்றால் கடக்கும் வழி. அதே ‘பெர்’ வேர். வழிப்பயணத்தில் இருப்பவன் ‘எம்போரோஸ்’, வணிகன். அவன் வந்து வாணிகம் செய்யும் இடம் ‘எம்போரியோன்’.

இந்தச் சொல்லுக்கும் உங்கள் ஊருக்கும் ஒரு நெருக்கம் உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்கத்தில் எழுதப்பட்ட பெரிப்ளஸ் என்ற கடல்வழிக் குறிப்பு, நம் கரையில் கமரா, பொதுகே, சோபத்மா என்ற மூன்று இடங்களைச் சொல்கிறது. அவற்றுக்கு அது தரும் பெயர் எம்போரியோன். பொதுகே என்பது உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள அரிக்கமேடுதான் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். 1945இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடிகள் உடைந்த சில்லுகளாகக் கிடைத்தன. அடுத்த முறை ஆற்றங்கரையோரம் அந்த மேட்டுக்குப் போகும்போது, எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், நானும் வருகிறேன்.