கேள்வி-பதில்: ஹாங்காங்கின் குடிநீர் யார் கையில் இருந்தது?

கேள்வி: 1949க்குப் பிறகு சீனா நினைத்திருந்தால் ஹாங்காங்கை ஒரே நாளில் பிடித்திருக்கலாமே? பிரிட்டன் எப்படி 1997 வரை தாக்குப்பிடித்தது?
– வாசகர், கும்பகோணம்

பதில்: படையை நம்பி அல்ல. ஹாங்காங் வழியாகத்தான் சீனாவுக்கு அந்நியச் செலாவணி பெருமளவில் வந்துகொண்டிருந்தது. பால் கறக்கும் மாட்டை யார் வெட்டுவார்கள்? அந்தக் கணக்கு கெடாமல் பார்த்துக்கொள்வதுதான் ஆளுநரின் முதல் வேலை. ஹாங்காங் தீவும் (1842), எதிர்க்கரையிலுள்ள கவுலூனும் (1860) பிரிட்டனுக்கு நிரந்தரமாகக் கிடைத்தவை. ஆனால் மொத்த நிலத்தில் சுமார் 86 சதவீதம், 1898இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த நியூ டெரிட்டரீஸ். அது போனால் மற்ற இரண்டும் பிழைக்காது.

உண்மையான பலவீனம் தண்ணீர். 1963 வறட்சியில் நான்கு நாளுக்கு ஒருமுறை, நான்கு மணி நேரம்தான் குழாயில் தண்ணீர் வந்தது. ஏறக்குறைய ஒரு வருடம் இதே நிலை. கப்பல்களை அனுப்பி முத்து ஆற்றில் தண்ணீர் மொண்டு வந்தார்கள். பிறகு சீனாவோடு ஒப்பந்தம் போட்டு, 1965 மார்ச் முதல் டோங்ஜியாங் ஆற்று நீரை வருடத்துக்கு சுமார் 6.8 கோடி கன மீட்டர் வாங்கினார்கள். ஒப்பந்தத்தில் ஒரு ஓட்டை: அக்டோபர் முதல் ஜூன் வரைதான் தண்ணீர். 1967 ஜூனில் அந்த அளவு தீர்ந்தது. கூடுதலாகக் கேட்டார்கள், பதிலே இல்லை. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து இடதுசாரிகளின் கலவரம் நடந்துகொண்டிருந்த அந்தக் கோடையில் மறுபடியும் நான்கு நாளுக்கு நான்கு மணி நேரம். ஆனால் அக்டோபர் 1 அன்று, சொன்ன தேதியில், தண்ணீர் வந்துவிட்டது! பீஜிங் எதை விரும்பியது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இதற்கிடையே கடல் கழி ஒன்றின் வாயை அணையால் அடைத்து, உப்பு நீரை இறைத்துவிட்டு, பிளோவர் கோவ் நீர்த்தேக்கத்தை 1968இல் முடித்தார்கள். கழிப்பறைக்குக் கடல் நீர். அது இன்றும் தொடர்கிறது.

கேள்வி: அந்தக் கலவரத்தை அடக்கியபோது சீனா சும்மா இருந்ததா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: இல்லை. ஜூலை 8 அன்று ஷா டாவ் கோக் எல்லையில் ஐந்து ஹாங்காங் போலீஸ்காரர்கள், சீனப் பக்கத்திலிருந்து வந்த துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்டார்கள். பிரிட்டனின் கூர்க்கா படை அங்கே போனது. எல்லையை மட்டும் தாண்டவில்லை. உள்ளே கெடுபிடி, எல்லையில் நிதானம் – இதுதான் ஆளுநர் டிரெஞ்சின் வழி. பத்திரிகை விஷயத்தில்கூட ஆகஸ்டில் மூன்று சிறிய இடதுசாரி ஏடுகளைத்தான் நிறுத்தினார்கள், பீஜிங் சார்பான பெரிய ஏடுகளைத் தொடவில்லை. அதற்கே ஆகஸ்ட் 22 அன்று பீஜிங்கிலிருந்த பிரிட்டிஷ் தூதரக அலுவலகத்தைச் செங்காவலர்கள் (மாவோவின் இளைஞர் படை) கொளுத்தினார்கள்.

பக்கத்தில், தன் ஆட்சியிலிருந்த மக்காவில் போர்ச்சுகல் வேறு விதமாக நடந்தது. 1966 டிசம்பரில் சீனப் போராட்டக்காரர்கள் மீது துப்பாக்கிச் சூடு; 1967 ஜனவரி 29 அன்று, சீன வணிகர் சங்கக் கட்டடத்துக்கே ஆளுநர் போய் மன்னிப்புப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். அதன் பிறகு அங்கே ஆளுநர் பெயருக்குத்தான்.