மண்ணியல் ஆய்வுக்குப் போக நினைக்கும் மகள்: ஒரு தாய்க்குப் பதில்

அம்மா, கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பொறியியல் பீடத்தில் குடிசார் பொறியியல் முடித்த உங்கள் மகள், பாரத்தால் மண்ணில் ஏற்படும் உருமாற்றத்தைக் கணிக்கும் ஆய்வுக்கு வெளிநாடு போகக் கேட்கிறாள். "மண்ணைப் படிச்சு என்ன வேலை?" என்பது உங்கள் கவலை. என் முடிவை முதலே சொல்கிறேன்: முழுப் புலமைப்பரிசில் கிடைத்தால் அனுப்புங்கள். காணியை ஈடு வைத்து அனுப்ப வேண்டாம்.

களியும் மணலும் படைபடையாகப் படிந்தவை. பனஞ்சிலாகை நார் ஓடும் பக்கமாக இலகுவாகப் பிளக்கும், குறுக்கே வெட்டக் கோடரி வேண்டும். மண்ணின் பலமும் அப்படித் திசைக்குத் திசை வேறுபடும். வீதிக்கு மண் நிரப்பி உயர்த்தினால், நடுவுக்குக் கீழே மண்ணுக்குள் ஏற்படும் மிகப் பெரிய தகைப்பு, அதாவது பாரத்தால் வரும் அழுத்தம், நிலைக்குத்தாக இருக்கும்; ஓரத்துக்குப் போகப்போகச் சரிந்து கிடையாகும். புகையிரதம் ஓடும்போதும் அலை கடலடியை அழுத்தும்போதும் இந்தத் திசை சுழன்றுகொண்டே இருக்கும். தகைப்பின் அளவு மாறாமல் திசை மட்டும் சுழன்றாலும் மண் மீளாதபடி உருமாறும். நீர் வடிய வழியில்லாத இடத்தில் நீரழுத்தமும் ஏறும். மண் எப்படி உருமாறும் என்று சமன்பாடுகளால் கணிக்க, ரோஸ்கோ, பர்லண்ட் என்ற ஆய்வாளர்கள் 1968இல் வெளியிட்ட திருத்திய கேம்-களி மாதிரி இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. ஆனால் அது மண்ணை எல்லாத் திசையிலும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது. மகளுடைய வேலை அங்கேதான் தொடங்குகிறது.

சுண்ணாம்புக்கல்லின் மேல் வீடு கட்டும் எங்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. 2013இல் திறந்த கொழும்பு–கட்டுநாயக்க அதிவேக வீதியைச் சதுப்பு மண்ணில் கட்டியவர்களுக்குத் தெரியும். கடலில் நடும் காற்றாலைகளின் அத்திவாரம், அணைக்கட்டு, சுரங்கப்பாதை எல்லாவற்றுக்கும் இந்தக் கணிப்பு தேவை. விரிவுரையாளர் பதவியை மட்டும் நம்பிப் படிக்கிற துறை அல்ல இது. அங்கே கற்கும் நிரலாக்கமும் எண்முறைக் கணிதமும் வேறு வேலைகளுக்கும் உதவும்.

உயர்தரத்தில் இணைந்த கணிதத்தை விரும்பிப் படித்த பிள்ளையா? இல்லையென்றால் முதல் வருடமே சோர்ந்துவிடுவாள்.

எனக்கு ஒரு பயம்தான். சோதனையே செய்யாமல் சமன்பாடு மட்டும் எழுதும் ஆய்வுகள் உண்டு. மண்ணுக்கு மண் அளந்து கொடுக்க வேண்டிய இருபது மாறிலி கேட்கும் மாதிரியை எந்தக் கட்டுமானத் தளத்திலும் எடுக்கமாட்டார்கள். ஆகவே அந்த ஆய்வுகூடத்தில் தகைப்பின் திசையைச் சுழற்றக்கூடிய உள்ளே வெறுமையான உருளையாக மண்ணை வைத்துச் சோதிக்கும் கருவி இருக்கிறதா, அதில் அவளுக்கு இடம் தருவார்களா என்று மேற்பார்வையாளரிடம் எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். அவரிடம் இப்போது படிக்கும் மாணவர் ஒருவருடனும் அவள் கதைக்கட்டும். பதில் வந்ததும் இருவருமாக வாருங்கள், சம்மதக் கடிதம் அனுப்புமுன் சேர்ந்து பார்ப்போம்.