ஒரே சம்பளம், இரண்டு சின்னக் குழந்தைகள்: எதைப் பழசாக வாங்கலாம், எதை வீட்டிலேயே தைக்கலாம்?

கேள்வி: சென்னையில் வாடகை வீடு, ஒருவர் சம்பளம். மூத்தவளுக்கு 4 வயது, இளையவனுக்கு 2 மாதம். எந்தச் சாமான்களை செகண்ட் ஹேண்டில் வாங்கலாம்? வீட்டில் கிடக்கும் பழைய துணிகளை வைத்து என்ன செய்யலாம்? எதில் மிச்சம் பிடிக்கவே கூடாது?

பதில்:

பருத்தி, பெயின்ட் அடிக்காத மரம், எவர்சில்வர், வார்ப்பிரும்பு, புத்தகம். இவையெல்லாம் பழசானாலும் சத்து போகாதவை. ஃபோம், ரப்பர், எலாஸ்டிக், பிளாஸ்டிக், கோந்து போட்டு ஒட்டியவை பீரோவில் சும்மா இருந்தாலே வீணாகிப்போகும். முதல் வகையைப் பழசாகத் தேடுங்கள். இரண்டாவது வகை பாதி விலைக்குக் கிடைத்தாலும் யோசியுங்கள்.

பழசாக வாங்கவே கூடாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹெல்மெட், கார் சீட் இரண்டும் ஒரு முறை அடி வாங்கியிருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே வேலை முடிந்திருக்கும். ஃபோம் மெத்தையில் முந்தைய வீட்டு மூட்டைப்பூச்சியும் சேர்ந்து வரும். பால் பாட்டில் நிப்பிள், தூளி ஸ்பிரிங் இரண்டையும் புதிதாகவே வாங்குங்கள். சக்கரம் வைத்த நடைவண்டியை (குழந்தையை உள்ளே உட்காரவைப்பது) யாராவது சும்மா கொடுத்தாலும் வேண்டாம். கனடாவில் 2004இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டார்கள். மரத்தில் தள்ளிக்கொண்டு போகிற நம்மூர் மூன்று சக்கர நடைவண்டி வேறு கதை, அது தாராளமாக வாங்கலாம்.

பெயின்ட் அடித்த பழைய தொட்டில், மரப் பொம்மைகளில் கவனம் வேண்டும். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு அடித்த பெயின்ட்டில் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சுரண்டிவிட்டுப் புதிதாக அடிக்கலாம் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுதான் இருப்பதிலேயே மோசமான யோசனை, அந்தத் தூள் வீடு முழுக்கப் பறக்கும். பாலிஷ் மட்டும் போட்ட தேக்குத் தொட்டில் கிடைத்தால் விடாதீர்கள். கம்பிகளுக்கு நடுவே 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. ஸ்க்ரூ எல்லாம் முறுக்கினால் பிடிக்க வேண்டும், சும்மா சுற்றிக்கொண்டே இருக்கக் கூடாது.

இனி துணி. உங்கள் மிச்சமெல்லாம் இங்கேதான் இருக்கிறது.

இளையவனுக்கு லங்கோட்டுத் துணி வாங்கவே வேண்டாம், பழைய பருத்தி வேட்டி போதும். முதலில் அது அசல் பருத்தியா என்று பாருங்கள். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினால் பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் கலந்திருந்தால் உருகி, முனையில் கடினமாக ஒரு மணி உருளும். அப்படி உருண்டால் அந்த வேட்டி ஜன்னல் துடைக்கத்தான்.

நான்கு முழ வேட்டி ஏறக்குறைய 2 மீட்டர் நீளம், ஒன்றேகால் மீட்டர் அகலம் இருக்கும். இரு பக்கக் கரையையும் வெட்டி எடுத்துவிடுங்கள். கரை தண்ணீர் உறிஞ்சாது, ஜரிகை இருந்தால் தொடையில் குத்தும். மீதியில் 60 சென்டிமீட்டர் சதுரம் ஆறு வரும், எட்டு முழத்தில் பன்னிரண்டு. கத்தரியால் வெட்டாமல் ஓரத்தில் மட்டும் ஒரு வெட்டு வெட்டிக் கையால் கிழியுங்கள். நூல் போக்கிலேயே கிழிவதால் சதுரம் கோணாது. ஓரத்தை அரை சென்டிமீட்டர் ஒரே மடிப்பாக மடித்துத் தைத்தால் போதும். இரட்டை மடிப்பு தடித்துப்போய் இடுப்பில் தழும்பு விழும்.

கிழித்த ஓரத்தைத் தைக்காமல் அப்படியே கட்டக் கூடாது. பிரிந்து வருகிற நூல் ஒன்று கைக்குழந்தையின் கால்விரலில் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்று விரல் வீங்கிவிடும். குழந்தை காரணம் தெரியாமல் வீறிட்டு அழும்போது டாக்டர்கள் விரல்களைத் தனித்தனியாகப் பார்ப்பது இதற்காகத்தான். துவைத்துக் காய்ந்த பிறகும் ஒருமுறை ஓரங்களைப் பார்த்து, தொங்கும் நூலை நறுக்கிவிடுங்கள்.

கஞ்சி போட்டுப் பழகிய வேட்டியை இரவெல்லாம் ஊறவைத்து, வெந்நீரில் இரண்டு முறை அலசிய பிறகு கிழிக்க உட்காருங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உடனே உள்ளே போக வேண்டும். மேலேயே முத்து மாதிரி நின்றால் கஞ்சியோ சோப்போ இன்னும் இருக்கிறது. கம்ஃபோர்ட் மாதிரி வாசனைத் திரவத்தில் முக்குகிறவர்கள்தான் 'துணி ஈரத்தை இழுக்கவே மாட்டேங்குது' என்பார்கள். அந்தத் திரவம் நூலின் மேல் மெல்லிய படலமாகப் படிந்துவிடும், பிறகு எப்படி இழுக்கும்? இரண்டு மாதக் குழந்தைக்கு நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு போகும். 24 இருந்தால் சமாளிக்கலாம், ஐப்பசி கார்த்திகை மழைக்கு 36 வேண்டும். ஆக எட்டு முழ வேட்டி மூன்று.

அடுத்து பழைய சேலை. இரண்டு பருத்திச் சேலையில் ஒரு கனமான விரிப்பு தைக்கலாம். மூத்தவள் படுக்க, இளையவன் கவிழ ஆரம்பித்தால் தரையில் விட, இரண்டுக்கும் ஆகும். கணக்கு எளிது. ஒரு சேலை ஐந்தரை மீட்டர், மூன்றாகக் கிழித்தால் 1.8 மீட்டர் துண்டு மூன்று. இரண்டு சேலையில் ஆறு அடுக்கு. நிறம் நன்றாக இருக்கிற இரண்டு துண்டு மேலேயும் கீழேயும், நைந்துபோன நான்கும் உள்ளே. ஆறுக்கு மேல் போகாதீர்கள். ஊசி இறங்காது, மழைக்காலத்தில் இரண்டு நாளானாலும் உள்ளே காயாமல் முடை நாற்றம் வரும்.

தைப்பதற்கு முன் எல்லாத் துண்டும் ஒருமுறை வெந்நீரில் நனைந்து சுருங்கியிருக்க வேண்டும். சுருங்காத ஒரு துண்டு உள்ளே போய்விட்டால் முதல் சலவையில் விரிப்பு முழுக்க அப்பளம் மாதிரி மேடு தட்டும். சிந்தெடிக் சேலையைப் பருத்தியோடு கலந்தாலும் அதே கதி.

தரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, நடுவிலிருந்து வெளியே கையால் நீவிவிடுங்கள். பிறகு நடுவிலிருந்து நான்கு பக்கமும் சாண் நீளத் தையலாகத் தற்காலிகமாக இழுத்து வையுங்கள். எல்லாரும் ஒரு ஓரத்தில் தொடங்கித்தான் கெடுத்துக்கொள்கிறார்கள். ஓரத்தில் தொடங்கினால் துணி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, எதிர் ஓரம் வரும்போது மேல் துண்டு ஒரு கை அகலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நீளவாக்கில் 5 சென்டிமீட்டருக்கு ஒரு வரி என்று ஓட்டுத் தையல் போடுங்கள். ஒவ்வொரு தையலும் அரிசி நீளம் இருந்தால் போதும். 21 வரி வரும், மொத்தம் ஏறக்குறைய 40 மீட்டர் தையல். இரட்டை நூலாகப் போடுவதால் 100 மீட்டர் நூல் கையில் இருக்கட்டும். ஊசியில் ஒன்றரை முழத்துக்கு மேல் நூல் கோக்காதீர்கள், நீளமாகக் கோத்தால் சிக்கெடுப்பதிலேயே நேரம் போகும். ஓரங்களை உள்ளே மடித்துக் கடைசியாக மூடுங்கள். தினம் அரைமணி நேரம் உட்கார்ந்தாலும் இது சில வார வேலை. 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்றவர்களுக்குக் கந்தையைத் தைத்துப் படுக்கவும் தெரிந்திருக்கும்.

ஒரு வயது ஆகும்வரை இளையவனுக்கு இரவில் இதைப் போர்த்த வேண்டாம். தலையணையும் வேண்டாம், மெத்தென்ற எதுவும் முகத்தருகே இருக்கக் கூடாது. விழித்திருக்கும்போது, ஆள் பக்கத்தில் இருக்கும்போது தரையில் விரித்து விடலாம்.

தூளிக்கு மட்டும் நைந்த சேலையை எடுக்காதீர்கள். கொக்கியில் படும் இடத்தில்தான் இழை அறுகும். வாரம் ஒருமுறை சேலையை ஒரு முழம் நகர்த்தி, வேறு இடம் கொக்கியில் படும்படி கட்டுங்கள்.

கையால் இவ்வளவும் முடியாது என்றால் பழைய மிதி மெஷின் ஒன்று பாருங்கள். செகண்ட் ஹேண்டில் போட்ட காசு உண்மையாகவே திரும்பி வருகிற சாமான் அதுதான். கறுப்பு இரும்பு உடம்பு, ஸ்டாண்டோடு. கடைக்குப் போகும்போது உங்கள் துணியையே கொண்டுபோங்கள்: வேட்டித் துண்டு இரண்டு மடிப்பு, பழைய ஜீன்ஸ் நான்கு மடிப்பு. கடையில் மொடமொடவென்று ஒரு துணி வைத்திருப்பார்கள், அதில் எந்த மெஷினும் அழகாகத்தான் தைக்கும்.

சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். இறுகினால் துருவாகவோ உள்ளே சிக்கிய நூலாகவோ இருக்கலாம், அப்படியென்றால் சரிசெய்துவிடலாம். ஊசி மாட்டும் கம்பியை விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் துளை தேய்ந்துவிட்டது, தையல் தாவிக்கொண்டே இருக்கும், வாங்காதீர்கள். துணியை நகர்த்தும் பல்லை விரலால் தடவினால் சுரசுரப்பு தெரிய வேண்டும். பாபின் கேஸை (அடிநூல் சுற்றிய பாபின் உட்காரும் கூடு) நூலைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். தானாகச் சரிந்து விழக் கூடாது, லேசாக ஒருமுறை சுண்டினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். பெல்ட் தளர்ந்திருந்தால் கவலை வேண்டாம், அது சில்லறைச் செலவு.

வாங்கிய பிறகு அடியில் நூல் கொத்தாகச் சுருண்டால் எல்லாரும் பாபினைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் குற்றம் மேல்நூலில் இருக்கும், மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே அது உட்கார்ந்திருக்காது. துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதத்தை மேலே தூக்கி வைத்துக்கொண்டு மறுபடி கோத்துப் பாருங்கள். தையல் தாவினால் ஊசி மொட்டையா, தட்டைப் பக்கம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். வேட்டிக்கு 11ஆம் நம்பர் ஊசி, சாதாரணப் பருத்திக்கு 14, ஜீன்ஸுக்கு 16. தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், நாளடைவில் பிசின் மாதிரி இறுகிவிடும். மெஷின் எண்ணெய் தனியாக விற்கிறது.

எங்கே வாங்குவது? பல்லாவரம் பழைய டிரங்க் ரோட்டில் வெள்ளிக்கிழமை கூடும் சந்தை. காலையிலேயே போங்கள். பையில் டார்ச், இஞ்ச் டேப், இரண்டு பென்சில் செல் இருக்கட்டும். பொம்மையில் செல் போட்டுப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். செல் போடும் இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் வைத்துவிடுங்கள். பட்டன் செல் போடுகிற பொம்மை, மூடிக்கு ஸ்க்ரூ இல்லையென்றால் வேண்டவே வேண்டாம். விழுங்கிய பட்டன் செல் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். ஒன்றேகால் அங்குல அகல ஓட்டைக்குள் போகிற எந்தத் துண்டும் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் தொண்டைக்குள்ளும் போகும் என்பது கணக்கு. மர அலமாரி, கட்டில் என்றால் மூலை இடுக்கில் டார்ச் அடியுங்கள். மிளகுப்பொடி தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி.

புத்தகத்துக்கு மூர் மார்க்கெட். 1985இல் எரிந்த பிறகு சென்ட்ரல் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போய்விட்டது. ஆனால் நேஷனல் புக் டிரஸ்ட்டின் தமிழ்ப் படப் புத்தகங்கள் புதிதே மலிவு, அவற்றைப் பழசாக வாங்கிப் பெரிதாக மிச்சமாகாது. மூத்தவளுக்கு சைக்கிள் என்றால் 12 அல்லது 14 இஞ்ச் சக்கரம். டயர் பக்கவாட்டில் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஆன்லைனில் நீங்கள் எதையாவது விற்கும்போது, பணம் அனுப்புகிறேன் என்று க்யூஆர் கோடு அனுப்பி ஸ்கேன் பண்ணச் சொன்னால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். யுபிஐயில் நமக்குப் பணம் வர ரகசிய எண் (PIN) போட வேண்டியதே இல்லை.

உறவினர் வீட்டிலிருந்து வரும் குழந்தைத் துணி இலவசம்தான், ஆனால் அந்துருண்டை வாசனை அடிக்கிறதா என்று பாருங்கள். ஜி6பிடி என்கிற என்சைம் குறைபாடு உள்ள குழந்தைக்கு அந்த வாசனையிலேயே ரத்த சிவப்பணுக்கள் உடைந்து, மஞ்சள் காமாலை வரலாம். அந்தக் குறைபாடு இருப்பது பலருக்குத் தெரிந்தே இருக்காது. இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் உலர்த்தி, துவைத்து, வாசனை சுத்தமாகப் போன பிறகு போடுங்கள். நீங்கள் எடுத்துவைக்கும்போது காய்ந்த வேப்பிலை போதும். பேன்ட், ஜட்டி எலாஸ்டிக்கைக் காதருகே இழுத்துப் பாருங்கள், நறநறவென்று சத்தம் வந்தால் உள்ளே ரப்பர் செத்துவிட்டது. துணி நன்றாக இருந்தால் பழைய எலாஸ்டிக்கை உருவிவிட்டு இடுப்பளவுக்கு 5 சென்டிமீட்டர் குறைவாகப் புதிதைக் கோத்துவிடலாம்.

மூத்தவள் விளையாட மாவு: மைதா 2 கப், தூள் உப்பு 1 கப், தண்ணீர் 2 கப், எண்ணெய் 2 ஸ்பூன், எலுமிச்சைச் சாறு 2 ஸ்பூன். கட்டியில்லாமல் கரைத்து, சிறுதீயில் கிளறிக்கொண்டே இருங்கள். நான்கைந்து நிமிடத்தில் வாணலியை விட்டு உருண்டு வரும். அவசரப்பட்டு முன்னாலேயே இறக்கினால் கையில் பிசுபிசுவென்று ஒட்டும். ஆறிய பிறகு பிசைந்து காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். நிறத்துக்கு பீட்ரூட் சாறு நல்லது. மஞ்சள்தூள் போட்டால் வாடகை வீட்டுச் சுவருக்குப் பதில் சொல்ல வேண்டி வரும். உப்பு அதிகம் என்பதால் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதே உப்புதான் சென்னைப் புழுக்கத்தில் ஈரத்தை இழுத்து மாவை வியர்க்கவைக்கும். கெட்டுப்போய்விட்டது என்று கொட்ட வேண்டாம், ஒரு ஸ்பூன் மைதா தூவிப் பிசைந்தால் பழையபடி ஆகிவிடும்.