விம் தேடுவது எந்த ஃபோல்டரில்?

கேள்வி: வீட்டு மேக்கில், நிரல் எழுதப் பயன்படுத்தும் விம் எடிட்டரின் ப்ளக்இன்கள் (கூடுதல் வசதிகள்) எல்லாம் ஒழுங்காக ஓடுகின்றன. அதே ‘.விம்’ ஃபோல்டரை அலுவலக விண்டோஸ் மடிக்கணினியில் போட்டேன். ஒன்றுகூட வேலை செய்யவில்லை. யாரோ சொன்னதைக் கேட்டு ‘செட் ரன்டைம்பாத்=’ என்று ஒரு வரி சேர்த்தேன். இப்போது பைத்தான் கோப்புகளில் இருந்த வண்ணமும் போய்விட்டது.
– வாசகி, தெம்பனிஸ்

பதில்: முதல் வேலையாக அந்த வரியை எடுத்துவிடுங்கள். ரன்டைம்பாத் என்பது விம் துழாவுகிற ஃபோல்டர்களின் பட்டியல்; இடையில் காற்புள்ளி. வெறும் ‘=’ போட்டதும் பழைய பட்டியல் அழிந்து, நீங்கள் எழுதிய ஒரே ஃபோல்டர்தான் மிஞ்சியது. விம்மோடு வரும் வண்ணக் கோப்புகளின் இடமும் அந்தப் பழைய பட்டியலில்தான் இருந்தது. கடைசியில் சேர்க்க ‘+=’, முன்னால் சேர்க்க ‘^=’. பாதையில் இடைவெளி வந்தால் (ஒன்டிரைவ் ஃபோல்டர்களில் பெரும்பாலும் வரும்) அதற்கு முன் ஒரு பின்சாய்கோடு போடாவிட்டால் வரி அங்கேயே முறிந்துவிடும்.

ஆனால் உங்களுக்கு அந்த வரியே தேவைப்பட்டிருக்காது. விண்டோஸ் விம் ‘.விம்’ ஃபோல்டரைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அது தேடுவது ‘விம்ஃபைல்ஸ்’. பெயரை மாற்றினாலே போதும். கிட் பேஷ் (விண்டோஸில் யூனிக்ஸ் பாணிக் கட்டளைகளைத் தரும் மென்பொருள்) வைத்திருந்தால்தான் சிக்கல்: அதனுடன் வரும் விம், யூனிக்ஸ் வழக்கப்படி ‘.விம்’மைத் தேடும். ஒரே கணினியில் இரண்டு விம், இரண்டு முகவரி! அப்போது பெயரை மாற்றாமல், கமாண்ட் ப்ராம்ப்டில் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குப் போய் ‘எம்கேலிங்க் /ஜே விம்ஃபைல்ஸ் .விம்’ என்று (ஆங்கில எழுத்தில்தான்) தட்டுங்கள். ‘விம்ஃபைல்ஸ்’ என்ற பெயரும் அதே ‘.விம்’ ஃபோல்டருக்கே கொண்டுபோகும். நிர்வாகி அனுமதி கேட்காது. ‘விம்ஃபைல்ஸ்’ ஏற்கெனவே இருந்தால் மறுக்கும்.

ஹோம் ஃபோல்டர் எது என்பதையும் ஊகிக்க வேண்டாம். விம்முக்குள் ‘:எக்கோ $ஹோம்’ கொடுத்துப் பாருங்கள். ஹோம் என்ற மாறி இல்லாத விண்டோஸில், ஹோம்டிரைவ், ஹோம்பாத் இரண்டையும் ஒட்டித்தான் விம் அதை உருவாக்கிக்கொள்கிறது. அலுவலகக் கணினிகளில் ஐடி பிரிவு இதை நெட்வொர்க் டிரைவுக்குத் திருப்பி வைத்திருப்பதுண்டு. நீங்கள் சி டிரைவில் போட்டதை விம் எச் டிரைவில் தேடிக்கொண்டிருக்கும். உங்கள் கணக்கின் என்விரான்மென்ட் வேரியபிள்களில் ஹோம் என்று ஒன்றைச் சேர்த்து, சி டிரைவில் உள்ள உங்கள் பயனர் ஃபோல்டரைக் கொடுங்கள். விம்மை மூடித் திறங்கள்.

2016இல் வந்த விம் 8 முதல், ப்ளக்இன்னை ‘பேக்’ ஃபோல்டரில் வைத்தால் ரன்டைம்பாத்தைத் தொடவே வேண்டாம். அடுக்கு சரியாக இருக்க வேண்டும்: பேக், அதற்குள் ஏதோ ஒரு பெயர், அதற்குள் ஸ்டார்ட், அதற்குள் ப்ளக்இன்னின் ஃபோல்டர். பலர் அந்த ‘ஏதோ ஒரு பெயரை’ விட்டுவிடுகிறார்கள். புளோக் எண் எழுதி மாடி எண் எழுதாத கடிதம்போல, வந்து சேராது. பிழைச் செய்தியும் வராது.

பிறகு ‘:ஸ்கிரிப்ட்நேம்ஸ்’ கொடுங்கள். விம் இதுவரை படித்த கோப்புகள் வரிசையாக வரும். உங்கள் ப்ளக்இன் அதில் இல்லையென்றால் ‘:வெர்போஸ் செட் ரன்டைம்பாத்?’ கேளுங்கள், பட்டியலைக் கடைசியாக மாற்றியது எந்தக் கோப்பு என்று காட்டிக்கொடுக்கும்.